நோயாளி வேசம் கட்ட வர்றீங்களா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓய்வு பெற்ற செவிலியர். தண்டையார்பேட்டையில் பிறந்து, வடசென்னையிலேயே முப்பது வருஷம் வார்டில் நின்றவள். இப்போது மருத்துவ மாணவர்களின் தேர்வுக்கு நோயாளியாக நடிக்கிறவர்களைப் பழக்கித் தருகிறேன். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று அக்கம்பக்கத்து மக்கள்தான் வருகிறார்கள். அவர்களும், வரலாமா என்று யோசிக்கிறவர்களும், மாணவர்களும், மாணவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீண்டுவிட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

நோயாளி வேடம் போடுவது என்றால் என்ன?

அந்த நோய் இல்லாத ஒருவர், நோயாளியின் கதை முழுவதையும் மனதில் வாங்கிக்கொண்டு, மாணவர் முன்னால் அவராகவே உட்கார்ந்து பதில் சொல்வது. கல்லூரியில் ‘சிமுலேட்டட் பேஷன்ட்’ என்பார்கள், சுருக்கமாக எஸ்.பி. எங்கள் ஆட்கள் ‘வேசம் கட்டுறது’ என்கிறார்கள். எனக்கும் அந்தப் பேர்தான் பிடித்திருக்கிறது. கூத்தில் வேசம் கட்டினவர் விடிகிறவரை அர்ச்சுனன்தான். இங்கே மணி அடிக்கிறவரை நீங்கள் சுகர் வந்த லோடுமேன்.

மேடையில் கூட்டம் உங்களைப் பார்க்க வரும். இங்கே எல்லார் கண்ணும் எதிரில் இருக்கிற மாணவர் மேல் இருக்கும். அவர் எதைக் கேட்கிறார், எதைக் கேட்காமல் விடுகிறார், நீங்கள் பேசும்போது முகத்தைப் பார்க்கிறாரா, பேப்பரைப் பார்க்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான் உங்களை அங்கே உட்கார வைக்கிறோம்.

வார்டு நிறைய நிஜ நோயாளிகள் இருக்கும்போது வேடம் எதற்கு?

நிஜ நோயாளி இல்லாமல் யாரும் டாக்டராக முடியாது. வார்டில் நின்று கற்க வேண்டியதை வேறெங்கும் கற்க முடியாது. ஆனால் தேர்வு வைப்பது வேறு விஷயம்.

பழைய முறையில் தேர்வன்று வார்டிலிருந்து நோயாளிகளைக் கூப்பிடுவோம். லாங் கேஸ், ஷார்ட் கேஸ் என்று பிரித்து மாணவர்களுக்குக் கொடுப்பார்கள். இதய வால்வில் சத்தம் நன்றாகக் கேட்கிறவர், மண்ணீரல் வீங்கியவர் என்று தேடிப் பிடிப்பார்கள். ஒரே வயிற்றைக் காலையிலிருந்து மத்தியானம் வரை எத்தனை கை அமுக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் பக்கத்தில் ஸ்கிரீனை இழுத்துவிட்டு நின்றிருக்கிறேன். பத்தாவது மாணவர் வரும்போது அந்த மனிதர் கண்ணை மூடிக்கொள்வார். வலியை விட, தன்னை ஒரு பொருளாக ஆக்கிவிட்டார்களே என்ற சோர்வு அது.

வருஷா வருஷம் வந்து பழகியவர்களுக்குத் தங்கள் கேஸ் மனப்பாடமாகிவிடும். ‘மைட்ரல் ஸ்டெனோசிஸ்னு எழுதிக்கோ தம்பி’ என்று, தன் இதய வால்வு சுருங்கிய நோயின் பேரை மெதுவாகச் சொல்லிக் கொடுத்த பெரியவரைப் பார்த்திருக்கிறேன். பாசத்தில் சொன்னார். ஆனால் பக்கத்துக் கட்டிலில், வலியில் வாயே திறக்காத நோயாளி கிடைத்த பிள்ளைக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே தாளில் மார்க்.

வேடம் போடுகிறவர் காலையில் வருகிற முதல் மாணவருக்கும் கடைசி மாணவருக்கும் ஒரே கதையை, ஒரே அளவில் கொடுக்கிறார். களைத்தால் மாற்று ஆள் உண்டு. ‘உங்களுக்குக் கேன்சர்’ என்று ஒரு மாணவர் வாய் திறந்து சொல்கிற முதல் தடவை, ஒரு நிஜக் குடும்பத்தின் தலையில் இறங்க வேண்டியதில்லை. எனக்கு இந்தக் காரணம் ஒன்றே போதும்.

இது எங்கே தொடங்கியது?

1963-ல், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இதைத் தொடங்கினார். அதற்கு முன்பு அவருக்கு ஒரு நோயாளி சொன்ன செய்தி மனதில் தங்கியிருந்தது. தேர்வில் தன்னை முரட்டுத்தனமாகப் பரிசோதித்த ஒருவருக்கு, அந்த நோயாளி வேண்டுமென்றே அறிகுறிகளை மாற்றிக் காட்டியிருந்தார். நிஜ நோயாளியே நடிக்க முடியும் என்றால், நோய் இல்லாதவரையும் பழக்கலாமே என்று பாரோஸ் யோசித்தார். ரோஸ் மெக்வில்லியம்ஸ் என்ற பெண்ணுக்கு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயால் கால்கள் செயலிழந்த ‘பேட்டி டக்கர்’ என்ற பாத்திரத்தைக் கற்றுக்கொடுத்தார். 1964-ல் அதைக் கட்டுரையாக எழுதியபோது பலர் கேலி செய்தார்கள். மருத்துவக் கல்விக்குள் ஹாலிவுட் எதற்கு என்றார்கள்.

பிறகு 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் சக ஆசிரியர்களும் ‘ஆஸ்கி’ (OSCE) என்று நம் மாணவர்கள் சொல்கிற, மாணவர் ஒவ்வொரு இடமாகப் போய்ச் செய்து காட்டுகிற தேர்வு முறையைக் கொண்டுவந்தார்கள். இரண்டும் சேர்ந்தபோதுதான் உலகம் முழுவதும் பரவியது. நம் நாட்டில் 2019-ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், நோயாளியிடம் பேசுவது, நடந்துகொள்வது, மருத்துவ அறம் ஆகியவற்றுக்கு ‘ஏட்காம்’ என்று தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறது. பேசுவதைப் பாடமாக வைத்தால், அதைப் பேப்பரில் எழுதச் சொல்லி மார்க் போட முடியுமா?

தேர்வு அன்று என்ன நடக்கும்?

ஒரு பெரிய ஹாலையோ வராந்தாவையோ தடுப்பு வைத்துப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு தடுப்பும் ஒரு ஸ்டேஷன். ஒன்றில் எக்ஸ்ரே பார்த்துச் சொல்ல வேண்டும், ஒன்றில் பொம்மைக் கையில் ஊசி போட வேண்டும், சிலவற்றில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். மாணவர் வாசலில் ஒட்டியிருக்கிற தாளைப் படித்துவிட்டு உள்ளே வருவார். ஐந்திலிருந்து பத்து நிமிடம். மணி அடித்ததும் பேச்சைப் பாதியில் விட்டாவது எழுந்து அடுத்த ஸ்டேஷனுக்குப் போயே ஆக வேண்டும். உங்களுக்கு ஒரு நிமிடம் கிடைக்கும். தண்ணீர் குடித்துவிட்டு, அழுதிருந்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்குவீர்கள்.

இத்தனை ஸ்டேஷன் எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஒரு கேஸில் பிரமாதமாகச் செய்கிற பிள்ளை அடுத்த கேஸில் சறுக்கும். நெஞ்சு வலியை நன்றாக விசாரித்தவர், குழந்தையின் பேதியை அப்படி விசாரிப்பார் என்று நம்ப முடியாது. பல பானையிலிருந்து ஒவ்வொரு சோறு எடுத்துப் பார்த்தால்தான் சமையல்காரர் எப்படி என்று தெரியும்.

கதையை எப்படிப் பழக்குவீர்கள்?

வசனம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்வதில்லை. ஒரு மனிதரைக் கொடுப்போம். உதாரணத்துக்கு ஒருவர்: 52 வயது, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர். விடியற்காலையில் வேலை செய்யும்போது நெஞ்சு அடைத்தது. மனைவி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவர் பெட்டிக்கடையில் கடன் வைத்திருக்கிறாரா, மகளுக்கு எப்போது கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் ஏன் பயம் என்பது வரை நாம் பேசி முடிவு செய்வோம். நிஜமாக வார்டில் பார்த்த கேஸிலிருந்துதான் இதை உருவாக்குவோம். பேர், வயது, ஊர், குடும்பம் எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம்.

பிறகு அந்தக் கதையை மூன்று அடுக்காகப் பிரிப்போம். கேட்காமலே சொல்வது ஒன்றுதான்: ‘வாயு புடிச்சிக்கிச்சு டாக்டரே, மாருக்குள்ள வந்து அடைக்குது.’ இது எல்லா மாணவருக்கும் அச்சு மாறாமல் கிடைக்கும். ‘வேற என்ன பண்ணுது, சொல்லுங்க’ என்று பொதுவாகக் கேட்டுக் காத்திருந்தால், வேர்த்துக் கொட்டியதையும் வேலை செய்தால் அதிகமாவதையும் சொல்லலாம். இடது கையில் இறங்கியதா, பீடி எத்தனை கட்டு, வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்ததா என்பதெல்லாம் குறிப்பாகக் கேட்டால் மட்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருக்கும். அண்ணன் 45 வயதில் இதே மாதிரி விழுந்து செத்தார். தனக்கும் அதுதானோ என்ற பயத்தில்தான் அவர் இத்தனை நேரம் வாயு, வாயு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ‘நீங்க இது என்னவா இருக்கும்னு நெனைக்கிறீங்க?’ என்று கேட்கிற மாணவருக்கு மட்டும்தான் அது வெளியே வரும். கேட்காவிட்டால், வராது. அந்தக் கேள்வி வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் தடுப்புக்கு வெளியே நிற்பேன்.

பழக்கும்போது நான் அதிகம் திருத்துவது நம் மக்களின் இரக்கத்தை. மாணவி திணறினால் மனசு கேட்காது. ‘இடது கையி கூட வலிச்சுதும்மா’ என்று எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒருவருக்கு உதவினால், வராத உதவிக்குக் காத்திருந்த மற்ற எல்லாருக்கும் அநியாயம் செய்ததாக ஆகும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

ஏன் எங்கள் பேச்சிலேயே பேசச் சொல்கிறீர்கள்? நல்ல தமிழில் பேசினால் மரியாதையாக இருக்குமே?

என் தாய்மாமா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். ஒருநாள் சாயங்காலம் ‘வாயு புடிச்சிக்கிச்சு, மேல வந்து நெஞ்ச கரிக்குது’ என்று ஒரு கிளினிக்குக்குப் போனார். அங்கே இருந்தவர் இளம் டாக்டர், வெளியூர்க்காரர். வாயு என்று காதில் விழுந்தது, வாயுவுக்கு மாத்திரை எழுதினார். மாமா அன்று ராத்திரி வீட்டுத் திண்ணையிலேயே போய்விட்டார். அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. படிக்காதவரும் இல்லை. மாரடைப்பின் அறிகுறிகளைக் கேட்டிருந்தால் ஒன்று விடாமல் ஒப்பித்திருப்பார். மாரடைப்பில் சிலருக்கு வலி மேல்வயிற்றில் தெரியும் என்பதும், சுகர் இருக்கிறவர்களுக்கு வலியே சரியாகத் தெரியாது என்பதும் அவர் படித்த புத்தகத்தில் இருந்திருக்கும். எங்கள் தெருவில் அதற்கு ‘வாயு’ என்று பேர் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அதனால்தான் உங்களை உங்கள் பேச்சிலேயே பேசச் சொல்கிறேன். ‘கை காலு இஸ்துக்கிச்சு’ என்றால் பக்கவாதம். ‘ஒடம்பு காயுது’ என்றால் காய்ச்சல். ‘முழுகாம கீறா’ என்றால் கர்ப்பமாக இருக்கிறாள். ‘கொயந்தைக்கு தோஷம், உச்சி குழி விழுந்துச்சு’ என்று ஒரு ஆயா சொன்னால், பேதியில் உடம்பின் தண்ணீர் எல்லாம் வற்றிப்போய் அந்தக் குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ‘தோஷமெல்லாம் மூடநம்பிக்கை’ என்று அந்த ஆயாவுக்குப் பாடம் எடுக்கிற மாணவருக்கு அந்த ஸ்டேஷனில் மார்க் கிடையாது. உச்சிக்குழியைத் தொட்டுப் பார்க்கிறவருக்கு உண்டு.

அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரம்புகிறது. தமிழே தெரியாமல் வந்து, ஒரு வருஷத்தில் ஓ.பி.யில் தட்டுத் தடுமாறிப் பேசுகிற பிள்ளைகளை நான் மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் திருநெல்வேலியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வருகிற நம் பிள்ளைகளும் இங்கே முதல் வாரம் முழிக்கத்தான் செய்கிறார்கள். ‘மாரு’ என்றால் மார்பு என்று ஒரு கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். புரியவில்லை என்றால் ‘அப்படின்னா என்னங்கய்யா, கொஞ்சம் காட்டுங்க’ என்று கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது. அப்படிக் கேட்கிறவருக்கு முழு மார்க் கொடுக்கும்படிதான் எங்கள் மதிப்பெண் தாளை எழுதச் சொல்லி வாங்கியிருக்கிறேன்.

ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் எங்கள் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய காலத்தின் பேர் அது. கல்லூரி 1938-ல் வந்தது. அதற்கு எத்தனையோ காலம் முந்தைய பேர் இன்னும் மக்கள் வாயில் இருக்கிறது. இந்த ஊரின் பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. டாக்டர்கள்தான் காதை அதற்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

தெலுங்கும் உருதும் இந்தியும் பேசுகிற நோயாளிகளும் நம் பகுதியில் நிறைய. அந்த மொழிக்காரர்கள் வேடம் போட முன்வந்தால் இரண்டு கை நீட்டி வரவேற்கிறேன்.

டாக்டர் குறுக்கே பேசினால் நான் என்ன செய்ய வேண்டும்?

நிறுத்திவிடுங்கள். நிஜ நோயாளி அதைத்தான் செய்வார். அமெரிக்காவில் ஹோவர்ட் பெக்மேன், ரிச்சர்ட் ஃப்ராங்கல் என்ற இருவர் 1984-ல் 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டிருக்கிறார். குறுக்கிட்ட பிறகு, விட்ட இடத்துக்குத் திரும்பி வந்து சொல்லி முடித்த நோயாளிகள் மிகக் குறைவு. நீங்களும் திரும்ப வராதீர்கள். மாணவர் தானாக ‘ஏதோ சொல்ல வந்தீங்களே’ என்று கேட்டால் மட்டும் தொடருங்கள்.

எதையெல்லாம் நடிக்க முடியாது?

மஞ்சள் காமாலைக் கண், இதயத்தின் முணுமுணுப்பு, வீங்கிய கல்லீரல் இவற்றையெல்லாம் யாராலும் நடிக்க முடியாது. அதற்கு நிஜ நோயாளியோ, பொம்மையோ, பதிவு செய்த சத்தமோதான் வேண்டும். ஆனால் மூச்சு வாங்குவது, தொட்டால் வயிற்றை இறுக்குவது, ஒரு கையில் பிடி தளர்வது, காலை இழுத்து நடப்பது, கழுத்தைத் திருப்ப முடியாமல் விறைப்பது இதெல்லாம் நன்றாகவே பழக்கலாம். வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடுகிற ஒரு தம்பி வயிற்றை இறுக்கிக் காட்டினால், குடல்வால் அழற்சி என்று சர்ஜரி புரொபசரே ஒரு கணம் நம்பிவிடுவார்.

ஆளையும் பொம்மையையும் சேர்ப்பதும் உண்டு. கைமேல் தோல் மாதிரி ஒரு பட்டையைக் கட்டிவிட்டு அதில் தையல் போடச் சொல்வார்கள். தைப்பது பட்டையில், பேசுவது உங்களிடம். ‘வலிக்குதாண்ணா?’ என்று ஒரு தடவை கூடக் கேட்காமல் தைத்து முடிக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். வெறும் பட்டையை மேஜைமேல் வைத்தால் அது தெரியவே தெரியாது.

என்னைத் தொடுவார்களா? பெண்கள் வரலாமா?

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்குவோம். நாடி, பிரஷர், நெஞ்சில் ஸ்டெத்தஸ்கோப், வயிறு, கை கால் பலம் இவ்வளவுதான். ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது, மாத்திரை கிடையாது. மார்பகம், பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பரிசோதனைகள் பொம்மையில் மட்டும். பெண்கள் இருக்கிற ஸ்டேஷனில் இன்னொரு பெண் கட்டாயம் இருப்பார். எந்த நிமிடத்திலும் ‘போதும்’ என்று சொல்லி எழுந்து வரலாம். எழுந்து வந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு.

படிப்பு வேண்டுமா? நடிக்கத் தெரிய வேண்டுமா? பணம் உண்டா?

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வருகிறார்கள். நினைவும் நிதானமும் போதும். நன்றாக நடிக்கிறவர்களைவிட, அளவாக நடிக்கிறவர்களைத்தான் தேடுகிறேன். அன்றைய கூலிக்கு ஈடாக ஒரு தொகையும் சாப்பாடும் பஸ் செலவும் உண்டு. ஒருநாள் வேலையை விட்டு வருகிறவரிடம் ‘சேவை’ என்று பேசி வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்று நான் ஒவ்வொரு தடவையும் வாதாடி வாங்குகிறேன்.

அழுகிற வேடம் போட்டால் மனசு பாதிக்காதா?

பாதிக்கும். அதை மறைத்து உங்களைக் கூப்பிட மாட்டேன்.

பிறந்த பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக ஒரு பெண்ணைப் பழக்கினேன். நன்றாகச் செய்தார். ஒரே நாளில் பதினான்கு தடவை அந்தச் செய்தியைக் கேட்டார். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அவர் மாமியார் சொல்லித்தான் தெரிந்தது. அவருக்கு ஏழு வருஷத்துக்கு முன் அதே மாதிரி ஒரு பிரசவம் நடந்திருந்தது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அது முழுக்க என் தவறு.

இப்போது முதல் கேள்வியே ‘இது உங்க வீட்ல நடந்திருக்கா?’ என்பதுதான். நடந்திருந்தால் அந்த வேடம் அவருக்கு இல்லை. கனமான வேடத்துக்கு இரண்டு பேர், மாறி மாறி. தேர்வு முடிந்ததும் நேரே வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, ‘நான் அந்த அம்மா இல்ல, என் பேரு இன்னது, நான் இப்ப வீட்டுக்குப் போயி வஞ்சிரம் கொழம்பு வைக்கப் போறேன்’ என்று ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். வேசம் கலைக்காமல் யாரும் வாசல் தாண்டக் கூடாது.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கெட்ட செய்தி சொல்வதற்கு ‘ஸ்பைக்ஸ்’ என்று ஆறு படிகள் கொண்ட முறையை 2000-ல் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மேன் முதலானோர் எழுதினார்கள். தனி இடம், நோயாளிக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், செய்தி, அவர் உணர்ச்சிக்கு இடம், அடுத்து என்ன. நல்ல முறை. ஆனால் நம் வார்டில் நோயாளியிடம் பேசத் தொடங்குமுன் அண்ணன் முன்னால் வந்து ‘அவளுக்குத் தெரிய வேணாம் சார்’ என்பார். அதனால் எங்கள் ஸ்டேஷனில் அண்ணன் வேடமும் உண்டு. அண்ணனையும் அவமதிக்காமல், கட்டிலில் இருக்கிறவரையும் ஒதுக்காமல் பேசத் தெரிய வேண்டும்.

மார்க் போடுவது நாங்களா?

பெரும்பாலும் பக்கத்தில் உட்காருகிற ஆசிரியர்தான். பட்டியல் வைத்துக்கொண்டு கேட்டார், கேட்கவில்லை என்று குறிப்பார். பட்டியலை மட்டும் நம்பினால் ஒரு சிக்கல் வரும். டொரொண்டோவில் பிரையன் ஹாட்ஜஸும் சகாக்களும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், அனுபவம் கூடிய டாக்டர்கள் பட்டியல் முறையில் இளையவர்களைவிட அதிக மார்க் வாங்கவில்லை. அனுபவசாலி நாலே கேள்வியில் நோயைப் பிடித்துவிடுகிறார், பட்டியலில் பாதிக் கட்டம் காலியாகக் கிடக்கிறது. அதனால் மொத்தத்தில் எப்படி என்று ஒரு மதிப்பீடும் சேர்க்க வேண்டும்.

அந்த இடத்தில்தான் உங்கள் குரல் வருகிறது. எங்களிடம் ஒரே கேள்வி: ‘இந்த டாக்டர்கிட்ட மறுபடி வருவீங்களா?’ பயிற்சி நாளில் மாணவருக்கு நேரிலும் சொல்லலாம். ‘நீ சரியில்ல’ என்று சொல்லக் கூடாது. ‘நீங்க வாட்ச பாத்தப்ப, நான் சொல்ல வந்தத முழுங்கிட்டேன் தம்பி’ என்று, நடந்ததையும் உங்களுக்குப் பட்டதையும் சொல்லுங்கள். முதல் தடவை இதைக் கேட்ட ஒரு மாணவர் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

வேடம் என்று தெரிந்த ஒருவரிடம் எப்படி மனசு விட்டுப் பேசுவது? (மாணவர் கேள்வி)

முதல் ஒரு நிமிடம் கூச்சமாக இருக்கும். பிறகு மறந்துவிடுவீர்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ‘உங்க கஷ்டம் எனக்குப் புரியுது’ என்ற வரியை மனப்பாடம் பண்ணி வந்து, நோயாளி என்ன சொன்னாலும் அதையே வைக்காதீர்கள். ‘ஒரு மாசமா இருமுறேன்’ என்றதற்கும் அதே வரி, ‘புருசன் செத்துட்டாரு’ என்றதற்கும் அதே வரி வந்தால் எதிரில் இருக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். பேசாமல் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்த ஒரு மாணவிக்கு எங்கள் ஆட்கள் எல்லாரும் ‘மறுபடி வருவேன்’ என்று எழுதினார்கள். அவர் நம் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் படித்த பெண்.

அமெரிக்காவே இந்தத் தேர்வை நிறுத்திவிட்டதாமே?

அங்கே மருத்துவ உரிமத்துக்கு 2004-லிருந்து ‘ஸ்டெப் 2 சி.எஸ்.’ என்று ஒரு தேர்வு இருந்தது. ஒரே நாளில் 12 வேட நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம். நம் பிள்ளைகள் கடன் வாங்கி விமானம் ஏறிப் போய் எழுதினார்கள். கொரோனா வந்த 2020-ல் நிறுத்தி, 2021 ஜனவரியில் முழுவதுமாகக் கைவிட்டார்கள். செலவு அதிகம், எழுதுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள் என்ற குறை முன்பே இருந்தது. ஆனால் அங்குள்ள கல்லூரிகள் தங்கள் மாணவர்களுக்கு வேட நோயாளிகளை வைத்துப் பயிற்சியும் தேர்வும் நடத்துவதை விடவில்லை. இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் எழுதும் ‘பிளாப்’ இரண்டாம் தேர்வு இன்றும் இந்த முறையில்தான் நடக்கிறது.

சொல்லாமல் கிளினிக்குக்குப் போய் டாக்டரைச் சோதிப்பதும் உண்டா?

ஆராய்ச்சிக்காக உண்டு. டெல்லியில் டாக்டர்களிடம் முன்பே ஒப்புதல் வாங்கிக்கொண்டு, எந்த நாள் என்று சொல்லாமல், டிபி அறிகுறியுடன் வேட நோயாளிகளை அனுப்பினார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில் 250 சந்திப்புகளில் 52-ல்தான் முறைப்படி கவனித்திருந்தார்கள். அதே டாக்டர்களிடம் அதே கேஸைக் கதையாகச் சொல்லிக் கேட்டால் பதில் இன்னும் நன்றாக வந்தது. தெரிந்திருப்பதற்கும் செய்வதற்கும் நடுவே இவ்வளவு தூரம். ஜார்ஜ் மில்லர் 1990-லேயே இதைப் படிகளாக வைத்தார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், அன்றாடம் செய்வார். எங்கள் தேர்வு மூன்றாவது படி வரைதான் எட்டும்.

நாங்கள் யாரையும் கிளினிக்குகளுக்கு அனுப்புவதில்லை. உங்களை அப்படி யாராவது எங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

வேடம் போடும்போது நிஜமாகவே ஏதாவது நோய் தெரிந்தால்?

நடந்திருக்கிறது. முதுகு வலிக் கேஸில் கொருக்குப்பேட்டை அண்ணன் ஒருவர். ஆட்டோ ஓட்டுகிறவர். கதைப்படி அவருக்கு பிரஷர் கிடையாது. ஒரு மாணவி பிரஷர் பார்த்தார், கைப்பட்டையை அவிழ்த்துவிட்டு மறுபடி பார்த்தார். 190-க்கு 110. இது கதையில் உள்ளதா, நிஜமா என்று தெரியாமல் ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் தேர்வை நிறுத்தினேன்.

அன்றைக்கே ஓ.பி.யில் காட்டி மாத்திரை தொடங்கினோம். அதற்குப் பிறகு விதி ஒன்று வைத்தோம். வேடத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே பிரஷர், சுகர் பார்த்துவிடுவோம். தேர்வுக்கு நடுவில் எது தென்பட்டாலும் மாணவர் ‘இது நிஜம்னு தோணுது’ என்று சொன்னால் போதும், மணிக்குக் காத்திருக்காமல் நிறுத்துவோம். அந்த மாணவிக்கு அந்த ஸ்டேஷனில் மீதி நேரம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

அண்ணன் இன்னும் வருகிறார். அவர் கதையில் இப்போது பிரஷரும் சேர்ந்துவிட்டது. ‘மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?’ என்று மாணவர் கேட்டால் மட்டும் சொல்வார்: ரெண்டு நாள் விட்டுட்டேன். அது கதையா, நிஜமா என்று தேர்வு முடிந்ததும் நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பேன்.